வெயிலில் போட்ட மேஜை

மவுண்ட் ஹோப், ஓஹியோ
மார்ச் 12, 1996

அன்புள்ள சலோமா அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இரவில் உறைபனி, பகலில் இளவெயில். மேப்பிள் மரங்களில் சாறு நன்றாக வடிகிறது. என் எட்னா மூன்று நாளாகப் பாகு காய்ச்சுகிறாள். வீட்டுச் சுவரெல்லாம் பிசுபிசுப்பு. குழந்தைகளைத் தூக்கினால் இறக்கிவிட முடியவில்லை.

கிறிஸ்துமஸ் அட்டை தவிர உனக்கு நான் எதுவும் எழுதி நான்கு வருஷம் ஆகிறது. இப்போது எழுதக் காரணம் வேலை. நம் பட்டறையில் அறுப்பதும் இழைப்பதும் மூட்டுவதும் நான், பூச்சு வேலை நீ என்று இருந்தோம். நீ போன பிறகு செய்த சாமானையெல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பூச்சுப் பட்டறைக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கே ஓக்கோ பைனோ, எல்லாவற்றுக்கும் ஒரே வார்னிஷ்தான். பீய்ச்சி அடித்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். கடைக்குப் போகிற சாமானுக்கு அது போதும். இப்போது செய்வது வீட்டுக்கு. அதுவுமில்லாமல் அங்கே கொண்டுபோனால் இது எதற்கு, அது யாருக்கு என்று நூறு கேள்வி கேட்பார்கள்.

வாசலில் போட ஒரு பெஞ்சு, வெள்ளை ஓக். மழை வெயில் இரண்டும் படும். எட்னாவுக்கு மேப்பிளில் ஒரு ரொட்டிப் பலகை. குழந்தைகள் அறைக்குப் பைன் அலமாரி, அதில் உடம்பெல்லாம் கணு. எதற்கு எதைப் பூசலாம்? அப்புறம், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், புதுச் செர்ரிப் பலகையைப் பழைய செர்ரியின் நிறத்துக்குக் கொண்டுவர வழி உண்டா?

உன் கையிலிருந்து நான் எதையும் வாங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். தபால்காரர் கையிலிருந்து வாங்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை. நான் போய்க் கேட்கவும் இல்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். முட்டி வலி மட்டும்தான்.

உன் தம்பி
ஆப்னர்


கிராண்ட் ராபிட்ஸ், மிச்சிகன்
மார்ச் 20, 1996

அன்புள்ள தம்பி ஆப்னருக்கு,

உறையின்மேல் உன் கையெழுத்தைப் பார்த்தேன். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே கிழித்தேன். உள்ளே ரொட்டிப் பலகை! அழுதேனா சிரித்தேனா என்று உன் அத்தான் வால்ட்டரிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் சுகம். அவர் இன்னும் மர லாரிதான் ஓட்டுகிறார். நான் பழைய மேஜை நாற்காலிகளைப் புதுப்பிக்கிற ஒரு பட்டறையில் இருக்கிறேன். ஊரார் சூடான கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போவார்கள். அந்த வட்டக் கறையை எடுப்பதே எனக்குப் பாதி நாள் பிழைப்பு.

இனி உன் மரங்கள். அது வெள்ளை ஓக்தானா என்று முதலில் பார். ஒரு குச்சி சீவி, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊது. குமிழி வந்தால் சிவப்பு ஓக். அதன் துளைகள் திறந்தவை, மழை உள்ளே இறங்கிக் கறுத்துப் போகும், வாசலுக்கு ஆகாது. வெள்ளை ஓக் என்றால் டங் எண்ணெயோடு சமமாக டர்பன்டைன் கலந்து ஒரு பூச்சு, பிறகு வெறும் எண்ணெய் மூன்று பூச்சு. கால்களின் அடிமுனை எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவும் குடிக்கட்டும்.

ரொட்டிப் பலகை வாய்க்குப் போகிற சாமான். மருந்துக்கடையில் விற்கிற மினரல் ஆயிலில் கொஞ்சம் தேன்மெழுகு உருக்கித் தேய். ஆளிவிதை எண்ணெய் வேண்டாம், மேப்பிளின் வெள்ளை போய் மஞ்சள் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். பைனுக்கு முதலில் ஒவ்வொரு கணுவிலும் ஷெல்லாக் அரக்கு தொட்டு வை. இல்லாவிட்டால் நீ எத்தனை பெயிண்ட் அடித்தாலும் இரண்டு வருஷத்தில் பிசின் கசிந்து பழுப்புப் பொட்டு வைக்கும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதே. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வேலியில் விரித்துப் போடு. நீ மறப்பாய், அதனால் இரண்டாவது தடவையும் சொல்கிறேன்: விரித்துப் போடு.

செர்ரி பற்றிச் சும்மா கேட்கிறாயா? நீ பிறந்ததிலிருந்து எதையும் சும்மா கேட்டதில்லை. எந்தப் பழைய செர்ரி?

நீங்கள் என் கையால் எதையும் வாங்கக் கூடாது, என்னோடு ஒரே மேஜையில் சாப்பிடக் கூடாது என்பது வால்ட்டருக்கு எட்டு வருஷமாகியும் புரியவில்லை. அவர் வெளியார், ஆமிஷ் சபைக்கு வாக்கே கொடுக்காதவர், அதனால் உங்கள் நடுவில் உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிடலாம். நான் ஞானஸ்நானம் எடுத்து வாக்கும் கொடுத்துவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு போனவள், விலக்கு வைக்கப்பட்டவள். "அப்போ வாக்கு குடுக்காதவன்தான் நல்லவனா?" என்று கேட்கிறார். நீயே பதில் எழுது.

அம்மாவின் முட்டிக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல். நான் சொன்னேன் என்று சொல்லாதே. சொன்னாலும் சொல்.

அன்புடன்
அக்கா சலோமா


மவுண்ட் ஹோப்
ஏப்ரல் 2, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்கும் ஜெபிக்கிறோம். இங்கே மழை விடவில்லை. உழவுக்கு இறங்க முடியாமல் குதிரைகள் கொட்டிலில் நின்று கொழுக்கின்றன.

நீ சொன்னபடி குச்சியை வாளித் தண்ணீரில் விட்டு ஊதினேன். மீன் தொட்டி மாதிரி குமிழி! என் வெள்ளை ஓக் அடுக்கில் ஒரு சிவப்பு ஓக் பலகை கலந்து கிடந்திருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது, அடுக்கியவன் நானே. அந்த நேரம் பார்த்து அம்மா பட்டறைக்குள் வந்தாள்.

"என்னடா ஊதற? வாத்தியமெல்லாம் நம்ம வீட்டுக்கு ஆகாதுன்னு தெரியாதா?"

"வாத்தியம் இல்லம்மா, மரம் பாக்கறேன்."

"மரத்த வாயால பாக்கறத இப்பதான் பாக்கறேன். யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் குச்சியைக் கீழே வைத்தேன். அவள் வாளியைப் பார்த்தாள், குச்சியைப் பார்த்தாள். "எண்ணெய்த் துணிய சுருட்டிப் போடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் அன்றைக்கு எண்ணெய் டப்பாவையே திறக்கவில்லை, அக்கா.

நீ கேட்ட பழைய செர்ரி நம் சமையலறை மேஜைதான். நான் பிறந்த வருஷம் அப்பா செய்தது, முப்பத்தொரு வயது. புதியதாகச் செய்வது சின்ன மேஜை. இரண்டரை அடிக்கு இரண்டு அடி. பெரிய மேஜையின் பக்கத்தில் போட்டால் வித்தியாசம் தெரியக் கூடாது. இப்போது அருகில் வைத்துப் பார்த்தால் ஒன்று கருப்பட்டி நிறம், மற்றது பச்சைக் குழந்தை மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. சாயம் ஏற்றலாமா?

ஒத்தடம் கொடுத்தோம். வலி அதற்குக் கேட்கிறது.

ஆப்னர்


கிராண்ட் ராபிட்ஸ்
ஏப்ரல் 11, 1996

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கக் கேட்டுச் சந்தோஷம். இங்கே ஏரிக்காற்று இன்னும் குளிர்.

சாயம் ஏற்றாதே. செர்ரி சாயத்தைச் சமமாகக் குடிக்காது, திட்டுத் திட்டாக, அழுத முகம்போல ஆகிவிடும். செர்ரியைக் கறுக்க வைப்பது வெயில் ஒன்றுதான். நன்றாக உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு கொடுத்துத் துடைத்துவிட்டு, வெயிலில் போடு. மாலையில் உள்ளே எடு. இரண்டு நாளைக்கு ஒரு தடவை திருப்பிப் போடு. முதல் வாரத்திலேயே நிறம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷத்தை ஒரு கோடையில் முழுக்கப் பிடிக்க முடியாது, ஆனால் கிட்டத்தில் வந்துவிடும். நிறம் வந்த பிறகு மேலே ஷெல்லாக் மெல்லிசாக மூன்று பூச்சு. கடைச் சரக்கு பழசாக இருக்கும், காயாது. அதனால் நல்ல ஷெல்லாக் அரக்குச் சீவல் ஒரு பொட்டலம் தனியாக அனுப்புகிறேன். எரிசாராயத்தில் ஊறப் போட்டால் கரைந்துவிடும்.

இரண்டரை அடிக்கு இரண்டு அடி. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு எங்கள் சாப்பாட்டு மேஜையில் அளந்து பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு கோப்பை, இரண்டு முழங்கை. அவ்வளவுதான் கொள்ளும்.

அப்பாவின் அடக்கத்துக்கு நான் வந்த நாளை நீ நினைத்துப் பார்ப்பதுண்டா? முந்நூறு பேருக்குச் சாப்பாடு. எனக்கு மட்டும் துணி துவைக்கிற அறையில், துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், மடக்குகிற தகர மேஜை. சுவரைப் பார்த்த நாற்காலி. உருளைக்கிழங்கு மசியலும் குழம்பும் கொண்டுவந்து வைத்தது அம்மாதான். வைத்தாள், கையைத் துடைத்தாள், போய்விட்டாள். சபை விதி எனக்குத் தெரியும், விதிக்காக நான் அழவில்லை. சுவரைப் பார்த்து வைத்தாளே, அதற்குத்தான். இனி அந்தத் தகர மேஜைக்கு வரமாட்டேன் என்று அன்றைக்கு வண்டியில் ஏறும்போது உன்னிடம் சொன்னேன். ஏழு வருஷம் வரவில்லை.

சின்ன மேஜையின் உயரம் எவ்வளவு என்று நீ எழுதவில்லை.

சலோமா


கிராண்ட் ராபிட்ஸ்
மே 22, 1996

அன்புள்ள ஆப்னருக்கு,

நலமாக இருப்பாய். பொட்டலம் வந்ததா? ஆறு வாரமாக ஒரு வரியும் இல்லை. நடவு நேரம், வேலை இருக்கும் என்று வால்ட்டர் சொல்கிறார். நீ நடவு நேரத்தில் அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறவன் என்று அவருக்குத் தெரியாது.

உயரம் கேட்டது தப்பு என்றால் விட்டுவிடு. செர்ரிக்கு என்ன பூசுவது என்று மட்டும் பேசிக்கொள்வோம். அதுவும் வேண்டாம் என்றால் ஒரு அட்டையில் "வேண்டாம்" என்று எழுதிப் போடு. சும்மா இருக்காதே. நீங்கள் எல்லோரும் சும்மா இருப்பதை நான் எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

சலோமா


மவுண்ட் ஹோப்
ஜூன் 3, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். எல்லோரும் சுகம். சோளம் கணுக்கால் உயரம்.

எழுதாததற்குக் காரணம் அந்தப் பொட்டலம். யோசனை கேட்பது ஒன்று, பொருள் வாங்குவது இன்னொன்று. திருப்பி அனுப்பினால் உனக்கு மனசு கஷ்டம், பிரித்தால் எனக்கு மனசாட்சி. இரண்டும் செய்யாமல் பட்டறை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, உனக்கு என்ன எழுதுவது என்று ஆறு வாரம் யோசித்தேன். யோசிக்கிறவனுக்கு ஆறு வாரம் சுருக்கமாகத்தான் தெரிகிறது. காத்திருக்கிறவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது. கடைசியில் பெர்லின் கடைக்குப் போய் அதே அரக்குச் சீவலை என் கையால் வாங்கி வந்தேன். புதுச் சரக்குதான், தேதி பார்த்தேன். கோபப்படாதே.

ஆனால் கேள். போன வாரம் பட்டறைக்குள் நுழைந்தால் அம்மா அலமாரி முன்னால் நிற்கிறாள். பொட்டலத்தின் ஒரு மூலை பிரிந்திருக்கிறது. முகத்துக்குக் கிட்டே வைத்து மோந்துகொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"நான் எதையும் எடுத்துக்கல. மோந்துதான் பாத்தேன்."

"மோந்து பாக்கறதுக்கு விதி ஒண்ணும் இல்லம்மா."

"சலோமா சாயங்காலம் பட்டறையிலேருந்து வந்தா இந்த வாசனதான் வரும். தலைமுடியெல்லாம் இதே வாசன."

உன் பெயரை அவள் வாயால் கேட்டு எட்டு வருஷம், அக்கா. அவள் மூலையை மறுபடி மடித்து, தட்டி, மேலே வைத்துவிட்டுப் போனாள்.

மேஜைக்கு எண்ணெய் போட்டாயிற்று. துணியை வேலியில் விரித்தேன். வெயிலில் போட்டு மூன்று நாளாகிறது. வாசலில் ஒற்றை மேஜை நிற்பதைப் பார்த்து, போகிற வண்டியெல்லாம் நிற்கிறது. "விக்கவா?" என்று கேட்கிறார்கள். "இல்ல, வெயில் காயுது" என்கிறேன். எனக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊருக்குள் பேச்சு.

உயரம் இருபத்தொன்பதரை அங்குலம். பெரிய மேஜையின் அதே உயரம், மயிரிழை பிசகாது.

ஆப்னர்


கிராண்ட் ராபிட்ஸ்
ஜூன் 12, 1996

அன்புள்ள தம்பிக்கு,

எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. பொட்டலத்துக்காக ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். பிறகு அம்மா மோந்து பார்த்ததைப் படித்தேன். அந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். அந்தப் பொட்டலம் அங்கேயே இருக்கட்டும். பிரித்த மூலையை ஒட்டிவிடாதே.

எனக்கு வீட்டுக்கு வர ஆசையாக இருக்கிறது, ஆப்னர். இதை எழுதாமல் எட்டு வருஷம் சமாளித்தேன். வால்ட்டர் நல்லவர், எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, செய்ததற்கு வருத்தமும் இல்லை. ஆனாலும் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் தலை குனிந்து சத்தமில்லாமல் ஜெபிப்போமே, பிறகு அப்பா தொண்டையைக் கனைத்தால் எல்லாக் கரண்டியும் ஒரே நேரத்தில் தட்டைத் தொடுமே, அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். நான் எத்தனை மேஜைக்குப் பளபளப்பு ஏற்றியிருக்கிறேன். ஒன்றிலும் அது கேட்கவில்லை.

அதனால் நேராகவே கேட்கிறேன். தனி மேஜை என்றால் எவ்வளவு தள்ளி? துணி துவைக்கிற அறை அளவா? கதவு அளவா?

வேலையைப் பற்றி ஒன்று. வெயிலில் இருக்கும்போது அதன்மேல் எதையும் வைக்காதே. ஒரு கோப்பை, ஒரு தொப்பி, எதுவும். மூடின இடம் வெளுத்தே இருக்கும், சுற்றிலும் கறுத்துவிடும். செர்ரி எதையும் மறக்காது. இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்.

சலோமா


மவுண்ட் ஹோப்
ஜூலை 25, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் நல்ல கோதுமை கொடுத்தார். கட்டு கட்டி முடித்து இப்போதுதான் முதுகை நிமிர்த்தினேன். எல்லோரும் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

உன் கேள்விக்கு நானாகப் பதில் சொல்லக் கூடாது என்று சபை மூப்பரிடம் போனேன். அப்பாவின் அடக்கத்தின்போது இருந்தவர் இல்லை, இவர் புதியவர். களத்தில் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார்.

"தனி மேஜைதானே?" என்றார்.

"தனி மேஜைதான். நாலு கால் அதுக்குன்னு தனியா இருக்கு."

"ஒட்டக் கூடாது."

"ஒட்டாது."

"எவ்ளோ தள்ளி?"

நான் விரலைக் காட்டினேன். அவர் வைக்கோல் கவையை ஊன்றிக்கொண்டு என் விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உன் விரல் தடிப்புதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி வைக்கோல் தள்ளப் போய்விட்டார்.

அதனால் ஒரு விரல், அக்கா. மேலே ஒரே துணி. ஒரே சமையலறை. உன் நாற்காலி சுவரைப் பார்க்காது, அம்மாவைப் பார்க்கும். பாத்திரத்தைக் கைக்குக் கை கொடுக்க முடியாது, அதை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. மேஜையில் வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகச் சாப்பிடுவோம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "ம்" என்றாள். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை. வரச் சொல்லலாமா என்று கேட்டேன். "மேஜ ஆகட்டும்" என்றாள்.

நாளை இண்டியானாவுக்குப் புறப்படுகிறேன். புயலில் அங்கே நம்மவர்கள் நான்கு பேரின் களஞ்சியம் விழுந்துவிட்டது, கட்டிக் கொடுக்கப் போகிறோம். நான்கு வாரம் ஆகும். மேஜையை வெயிலில் போட்டு எடுக்கிற வேலை எட்னாவுக்கு. மேலே எதையும் வைக்கக் கூடாது என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆப்னர்


மவுண்ட் ஹோப்
ஆகஸ்ட் 26, 1996

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு எல்லோரும் சுகம். எனக்கு மனசு சரியில்லை.

நேற்று ஊர் திரும்பினேன். வண்டியை விட்டு இறங்கினதும் மேஜையைத்தான் பார்க்கப் போனேன். நிறம் அற்புதம், பெரிய மேஜையும் இதுவும் அண்ணன் தம்பி போல. ஆனால் ஒரு பக்கத்தின் நடுவில், விளிம்பிலிருந்து நான்கு விரல் தள்ளி, வட்டமாக ஒரு வெளுப்பு. கவராயத்தால் போட்டது மாதிரி சுத்தமான வட்டம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. குழந்தைகளை வரிசையாக நிற்க வைத்துக் கேட்டேன். ஒவ்வொன்றும் இன்னொன்றைப் பார்க்கிறது. கடைசியில் எட்னா என்னைப் பட்டறைக்குள் இழுத்துப் போனாள்.

"புள்ளைங்கள ஏன் மிரட்டறீங்க? உங்க அம்மாவ கேளுங்க."

"அம்மாவா?"

"நீங்க போன மறுநாளே ஆரம்பிச்சிட்டாங்க. காலைல நான் மேஜைய வெளிய போட்டதும் அந்த நீல விளிம்புத் தட்ட எடுத்துட்டு வருவாங்க. மேல வச்சிட்டு, பக்கத்துல நாற்காலி போட்டு பீன்ஸ் உரிப்பாங்க. இருட்டறதுக்கு முன்ன எடுத்துட்டுப் போய்டுவாங்க. மறுநாள் அதே எடத்துல. நான் என்னத்த சொல்றது? சொல்லிப் பாத்தேன். 'ஒரு தட்டுதான, என்ன ஆயிடும்'னாங்க."

அந்த நீல விளிம்புத் தட்டு உன்னுடையது. உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, எனக்கு நினைவிருக்கிறது.

அம்மாவிடம் கேட்காமல் மேஜையை உள்ளே எடுக்கப் போனேன். அவளே வந்து வட்டத்தைத் தடவிப் பார்த்தாள். "கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். பொய்தான்.

இப்போது சொல், அக்கா. கறை எடுப்பது உன் பிழைப்பு. இழைத்து முதலிலிருந்து தொடங்கட்டுமா? வெயில் போய்க்கொண்டிருக்கிறது. இன்னொரு கோடை காத்திருக்க வேண்டுமா?

ஆப்னர்


கிராண்ட் ராபிட்ஸ்
செப்டம்பர் 2, 1996

என் அருமைத் தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் இழைப்புளியைக் கீழே வை.

அந்த வட்டத்தை எடுக்க வழி இருக்கிறது. சுலபமான வழிதான். அதை உனக்குச் சொல்லமாட்டேன். இதுவரை ஆயிரம் மேஜையில் வட்டத்தை எடுத்திருப்பேன், கூலிக்கு. இதைத் தொட்டால் என் கை விளங்காது.

அந்தத் தகர மேஜையில் அம்மா எனக்கு வைத்த தட்டும் அந்த நீல விளிம்புதான். அன்றைக்கு நான் அதில் எதையும் தொடவில்லை, அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். ஏழு வருஷமாக அதை யார் கழுவி எங்கே வைத்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

வட்டத்தின்மேலேயே ஷெல்லாக் போடு. மெல்லிசாக, மூன்று பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள் விடு. மழை ஈரம் இருக்கிற நாளில் போடாதே, வெண்மை படர்ந்துவிடும். அவ்வளவுதான், என் வேலை முடிந்தது.

நான் வருகிறேன் என்று எழுத இந்தப் பேனா துடிக்கிறது. ஆனால் ஒன்று. நீ வரச் சொல்கிறாய், மூப்பர் விரலைப் பார்த்துவிட்டுப் போகிறார், எட்னா சொல்கிறாள். அம்மா தட்டு வைக்கிறாள், மோந்து பார்க்கிறாள், "ம்" என்கிறாள். எனக்கு அவள் சொல்லி ஒரு வார்த்தை வேண்டும், ஆப்னர். ஒன்று போதும். பேராசையா இது?

எல்லோரையும் கேட்டதாகச் சொல். அம்மாவின் முட்டி எப்படி இருக்கிறது?

சலோமா


மவுண்ட் ஹோப்
செப்டம்பர் 14, 1996

அன்பு மகள் சலோமாவுக்கு,

உன் கடிதத்தை ஆப்னர் படித்துக் காட்டினான். எல்லாவற்றையும் படித்தானா, சிலதை விட்டுவிட்டானா தெரியவில்லை. எனக்குச் சுகம். முட்டி தேவலை. இந்த வருஷம் தக்காளி நிறைய, நாற்பது ஜாடி போட்டு வைத்தேன். ஒரு கோழியை நரி கொண்டுபோயிற்று.

தட்டை நான்தான் வைத்தேன். உட்கார்ந்தால் உன் கைக்கு எங்கே எட்டும் என்று பார்த்தேன். ஈ மொய்க்கும் என்று கவிழ்த்து வைத்தேன். வெயில் இப்படிச் செய்யும் என்று தெரியாது.

அன்றைக்குத் தகர மேஜையைச் சுவர்ப் பக்கம் போட்டதும் நான்தான். வாசல் பக்கம் போட்டிருந்தால் முந்நூறு பேரும் உன்னைப் பார்த்துக்கொண்டே போவார்கள். பார்க்க வேண்டாம் என்றுதான் அப்படிப் போட்டேன். அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்று நானும் சாப்பிடவில்லை.

சபைக்குக் கொடுத்த வாக்கை நான் மீற மாட்டேன். அது உனக்குத் தெரியும். ஆனால் நீ வா. ஆப்னர் அக்டோபர் ஐந்தாம் தேதிக்கு வாடகை வேன் பேசியிருக்கிறான், வூஸ்டர் பஸ் நிலையத்தில் நிற்பான். எத்தனை மணி பஸ் என்று எழுது. உங்கள் காரில் வர வேண்டாம், விலக்கில் இருக்கிற உன் காரில் நாங்கள் ஏற முடியாது. வழியில் பேசிக்கொண்டு வர முடியாமல் போகும். உன் வீட்டுக்காரரும் வரட்டும். அவர் என் பக்கத்தில் உட்காரட்டும்.

துணி விரித்தால் அந்த வட்டம் தெரியாது என்று ஆப்னர் சொல்கிறான். பரவாயில்லை. எங்கே என்று எனக்குத் தெரியும்.

பழைய மேஜைத்துணி இரண்டு மேஜைக்கும் எட்டவில்லை. ஓரத்தில் ஒரு முழம் சேர்த்துத் தைத்திருக்கிறேன். பழைய நீலமும் புது நீலமும் சேரவில்லை. வெயிலில் போட்டிருக்கிறேன்.

அம்மா